ஒன்பதாம் நம்பர் பதில் சொன்னது

1

நான் எழுதிப் பழகினவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். எழுத்துப் பிழை இருக்கும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பேர்களும் வருசங்களும் இப்போது எனக்கு அடிக்கடி மாறிப்போகின்றன. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். ஊரில் இருக்கிற நீங்கள் மட்டும் வாசிக்கிற பத்திரிகை என்றால் வெட்கத்தில் எழுதியிருக்க மாட்டேன். இது கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறது என்று கோயிலில் ஒருவர் சொன்னார். நான் ஒரு ஆளைத் தேடுகிறேன். அதனால்தான் துணிந்தேன்.

இன்று காலை எங்கள் வீட்டுக் கூரையில் இரண்டு பேர் ஏறி ஏரியலைக் கழற்றினார்கள். நீளக் கம்பி. காற்றடித்தால் கூரையில் நின்று ஊளையிடும். இத்தனை வருசம் அது என் தலைக்கு மேலே நின்றது. அதோடு பிணைத்த ரேடியோ செற் என் காலுக்குக் கீழே இருந்தது. நாங்கள் குடியிருப்பது லண்டனில், டூட்டிங்கில், கூப்பிட்டால் வாடகைக் கார் அனுப்புகிற ஒரு மினிகாப் ஒபிசுக்கு மேலே. முதலாளி ஒபிசை விற்றுவிட்டார். வாங்கினவர்கள் வேறு இடத்தில் நடத்துவார்களாம். சாரதிகள் எல்லாருக்கும் கையில் போன் வந்துவிட்டது, செற் தேவையில்லையாம். கழற்றின செற்றை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு போனதை யன்னலால் பார்த்தேன்.

இவர் கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என்று நான் எழுதுவது என் புருசனை. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்று, நாலு வருசத்துக்கு மேலாகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை கவுன்சிலில், அதுதான் இங்கத்தை நகரசபையில், இருந்து ஒரு பெண் வருவாள். இவர் என்னோடு வீட்டில் இருக்கலாமா, அல்லது எங்கேயோ தூரத்தில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோவதா என்று அன்றைக்கு முடிவு சொல்வாள். இவருக்கு ஒன்றும் விளங்காது, இவரை யார் பார்த்தாலும் ஒன்றுதான் என்று அவள் போனதரமே எழுதிக்கொண்டு போய்விட்டாள். அது சரியில்லை. இவருக்கு விளங்கும். அதை அறிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது.

2

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்த எல்லாரையும் போலத்தான் நாங்களும் வந்தோம். முதலில் இவர், பிறகு நானும் மகள் சுகியும். இவர் ஊரில் வெங்காய லொறி ஓட்டினவர். கொழும்புக்குப் போய் வர நாள்கணக்காகும். போனால் போனதுதான், திரும்பி வந்து வாசலில் லொறி நிற்கும்வரை ஒரு சேதியும் இருக்காது. இங்கே வந்து மினிகாப் ஓட்டத் தொடங்கினார். அவருடைய கார் ஒன்பதாம் நம்பர். செற்றில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர்தான். “நைன்” என்றால் அது இவர்.

வந்த புதிதில் அந்தச் செற்றின் சத்தம் எனக்குப் பெரிய பயம். ஊரில் அந்தக் கரகரப்பு ஒழுங்கைக்குள் கேட்டால் ஆயுதத்தோடு ஆள் வருகிறது என்று அர்த்தம். எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்க நிற்பதில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவோம். இங்கே அதே சத்தம் காலையிலிருந்து இரவுவரை நிலத்துக்குக் கீழே. முதல் கிழமை நான் சமைக்கும்போது அகப்பை கையிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. “அது ஆக்கள் கடைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் கேக்கிற சத்தமப்பா” என்று இவர் சிரித்தார்.

பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு இருக்க முடியாமல் போனது. பலகை நிலம், மெல்லிய கம்பளம். கீழே கார்களை அங்கே இங்கே அனுப்புகிற கொன்ட்ரோலர் கதைப்பதும் கார்களில் இருந்து பதில் வருவதும் எனக்கு அப்படியே கேட்கும். இங்கிலிசில் இரண்டு சொல்தான் தெரியும் என்றாலும் இவருடைய குரல் தெரியாதா? “நைன்” என்று கூப்பிடுவார்கள், “நைன்” என்று இவர் குரல் வரும். அதோடு நான் போய் மற்ற வேலையைப் பார்ப்பேன். லொறியோடு போன காலத்தில் எனக்குக் கிடைக்காத ஒன்று அது.

கொன்ட்ரோலராக இருந்தவர் குணம். கோலியர்ஸ் வுட்டில் இருந்தவர், ஊரில் எங்கள் பக்கத்துப் பெடியன்தான், இவரை அண்ணை என்பார். செற்றில் தமிழ் கதைக்கக்கூடாது என்று முதலாளி கட்டளை. எல்லாச் சாரதிக்கும் விளங்கவேண்டும் அல்லவா. ஆனால் முதலாளி தேத்தண்ணிக்குப் போன நேரம் கீழே வேறு கதை நடக்கும்.

“நைன், எங்கை நிக்கிறியள் அண்ணை?”

“அப்பர் டூட்டிங் ரோட்டிலை. சிவப்பு விழுந்திட்டுது.”

“சிவப்பு எவ்வளவு நேரமாய் விழுந்து கிடக்குது? கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கேக்குது.”

“ஒண்டும் வாங்கேல்லையடாப்பா, வாசம் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.”

மேலே நான் தனியாக நின்று சிரிப்பேன்.

அந்தச் செற்றில் ஒருவர் பட்டனை அழுத்திப் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பேசி முடித்துப் பட்டனை விட்டால்தான் அடுத்த ஆளின் சத்தம் வரும். பேசாமல் பட்டனை மட்டும் அழுத்திவிட்டாலும் கீழே ‘கர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இவர் வேலை முடிந்து வரும்போது தேத்தண்ணி ஆறிப்போகிறது என்று நான் ஒருநாள் குறைப்பட்டேன். மறுநாள் சொன்னார்: “நான் திரும்பேக்கை மூண்டுதரம் அமத்திறன். கர், கர், கர் எண்டு கேட்டால் கேத்திலைப் போடும். நான் வாறன் எண்டு அர்த்தம்.”

அன்றிலிருந்து அப்படித்தான். மூன்று தரம் கேட்கும். நான் கேத்திலைப் போடுவேன். தண்ணீர் கொதிக்கும் நேரம் படியில் காலடி கேட்கும். கீழே குணம் ஒவ்வொரு நாளும் ஏசுவார்: “ஆரடாப்பா மைக்குக்கு மேலை குந்தியிருக்கிறது?” வருசக்கணக்காக ஏசினார். நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு விஷயம் எங்களுக்குள் இருந்தது என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

3

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கீழே செற் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தது. நடுவில் மூன்று தரம் கேட்டது. இன்றைக்கு வேளைக்கு வருகிறாரே என்று கேத்திலைப் போட்டேன். தண்ணீர் கொதித்தது. படியில் ஒருவரும் இல்லை.

மறுபடி மூன்று தரம். கொஞ்சம் விட்டு இன்னும் மூன்று தரம். குணம் இங்கிலிசில் “நைன், நைன்” என்று கூப்பிடுகிறார். பதில் குரல் இல்லை. இடையிடையே அந்தக் கர், கர், கர் மட்டும். “மைக்கோடை விளையாடுறது ஆரெண்டு கண்டனெண்டால்...” என்று குணம் கத்துகிறார். அவருக்கு அது ஒரு கரைச்சல். நைன் பதில் சொல்லாதது வேறொரு கரைச்சல். இரண்டும் ஒன்று என்று மேலே நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அந்த ஒபிசுக்குள் அதற்கு முதல் போனதில்லை. வெள்ளைக்காரரும் கறுப்பரும் எங்கள் ஆட்களுமாக எந்நேரமும் ஆண்கள் இருக்கிற இடம். அன்றைக்குச் செருப்பும் போடாமல் இறங்கிப் போனேன்.

“என்னம்மா?” என்றார் குணம். “அண்ணை சிக்னல் இல்லாத இடத்திலை நிப்பார். பயப்பிடாதேங்கோ.”

“தம்பி, அந்தச் சத்தம் இவர்தான்.”

“எந்தச் சத்தம்?”

“மூண்டுதரம் கேக்கிறது. அது... வீட்டுக்கு வாறன் எண்டு எனக்குச் சொல்லுறது. நெடுகலும் அப்பிடித்தான் சொல்லுறவர்.”

குணம் என்னைப் பார்த்தார். பிறகு மேலே பலகையைப் பார்த்தார். வருசக்கணக்காகத் தான் ஏசினது யாரை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வேறு ஆளாக இருந்தால் சிரித்திருப்பார். அவர் சிரிக்கவில்லை. மைக்கை என் கையில் தந்தார். “அவருக்குக் குரல் வரேல்லைப் போலை. நீங்கள் கதையுங்கோ அம்மா. இதை அமத்திப்போட்டுக் கதையுங்கோ. கதைச்சு முடிய விடுங்கோ. விட்டால்தான் அவர் பதில் சொல்லலாம்.”

அழுத்தினேன். எப்போதும் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டேன்.

“இஞ்சாருங்கோ.”

விட்டேன். செற் ஒரே கூச்சலாகக் கத்தியது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் அப்படித்தான் கத்துமாம். கூச்சல் ஓய ஒரு குரல் மட்டும் தெளிவாக வந்தது: “என்னப்பா, பால் வாங்கிப்போட்டன், வாறன்.”

நாலாம் நம்பர் கார், மகேந்திரன். அவருடைய மனிசியும் அவரை இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிடுவா. ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் வீட்டில் அதே சொல்தான். எல்லாரும் தங்கள் தங்கள் மனிசி ஒபிசுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துப் பதறியிருக்கிறார்கள். இதை வேறு நாளில் சொன்னால் வயிறு நோகச் சிரிக்கலாம். அன்றைக்கு அந்தக் கூச்சலுக்குள் இவருடைய பதிலும் இருந்ததா என்று தெரியாமல் நான் நின்றேன்.

குணம் மைக்கை வாங்கி, முதலாளியின் கட்டளையையும் மறந்து தமிழில் சொன்னார்: “ஒருத்தரும் பட்டனிலை கை வைக்கப்படாது. இது நைனின்ரை வீட்டுக்காரி. அண்ணைக்கு ஏலாமல் போட்டுது போலை.” மற்ற ஆட்களுக்கு அதையே இங்கிலிசில் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாக: “அம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. அப்பதான் அவருக்குத் தன்னைத்தான் எண்டு தெரியும்.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை. பத்திரம் நிரப்புகிற இடத்தில் கேட்டாலும் சுகிதான் சொல்லுவாள். இப்போதும் இதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்குச் சொன்னேன். டூட்டிங்கிலும் விம்பிள்டனிலும் எங்கெங்கோ தெருக்களிலும் ஓடின அத்தனை காருக்குள்ளும் அது கேட்டிருக்கும். சொல்லிவிட்டு, “உங்களுக்குக் கேக்குதோ? ஓமெண்டால் ஒருக்கா அமத்துங்கோ. இல்லையெண்டால் ரெண்டுதரம்” என்று குணம் சொல்லித்தந்ததையும் சொன்னேன். பட்டனை விட்டேன்.

செற் சத்தமே இல்லாமல் இருந்தது. ஒபிசில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரச் சாரதிகூட அதைக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

கர்.

ஒருதரம்.

குணம் கேள்வியைச் சொல்ல நான் கேட்டேன். விம்பிள்டனிலையோ? ஒருதரம். ஸ்டேசனுக்குக் கிட்டவோ? இரண்டுதரம். பிள்ளையார் கோயில் பக்கமோ? ஒருதரம். கோயில் வாசலிலையோ? இரண்டுதரம். பின் தெருவோ? இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரம் எடுத்தது. எவ்வளவு என்று தெரியாது. என் உடம்பில் இருந்த உயிர் அந்தப் பெட்டிக்குள் போய் நின்றது. பிறகு ஒருதரம்.

மகேந்திரன்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். கார் ஒழுங்காக ஓரத்தில் நிறுத்தியிருந்ததாம். இவர் கதவோடு சாய்ந்து கிடந்தாராம். வலக் கை தொங்கிப்போய், இடக் கையில் மைக். ஆஸ்பத்திரியில் அதை விடுவிக்கப் பெரும் பாடுபட்டதாக மகேந்திரன் பிறகு சொன்னார். வயரையும் கழற்றி மைக்கோடுதான் அம்புலன்சில் ஏற்றினார்களாம்.

4

உயிர் தப்பியது. பேச்சு வரவில்லை. இங்கிலிசில் யார் என்ன கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் இடக் கையைப் பிடித்து, “நோகுதோ?” என்று கேட்டுவிட்டுக் கையைத் தளர்த்தினேன். இரண்டு தரம் என் விரலை அழுத்தினார். அப்படித்தான் தொடங்கியது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. செற்றில் வந்த பழக்கம் கைக்கு வந்தது.

இத்தனை வருசமும் எங்கள் சீவியம் அந்தக் கையால்தான். சோறோ புட்டோ, குளிருதோ, யன்னலைத் திறக்கவோ, சுகி வந்தவள் தெரியுதோ. எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. கோபம் வந்தால் இரண்டுதரம் அழுத்துகிற அழுத்தில் என் எலும்பு நோகும்.

ஒன்பதாம் நம்பரை அந்த மாதமே புதிதாக வந்த ஒரு ஆபிரிக்கருக்குக் கொடுத்துவிட்டார்கள். கீழே “நைன்” என்று கூப்பிடுவார்கள். அவர் பதில் சொல்ல முதல் இவருடைய விரல் போர்வைக்கு மேலே ஒருதரம் மடங்கும். அதை நான் ஒருநாளும் சிரிப்பாக எடுத்ததில்லை. வேலைக்குப் போகிற ஆண் மாதிரி அந்தச் சத்தத்தோடு எழும்பி அந்தச் சத்தத்தோடு படுத்தார்.

சுகி இப்போது வங்கியில் வேலை. கிங்ஸ்டனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கட்டிலடியில் நின்று “ஹலோ அப்பா” என்பாள். பிறகு போனைப் பார்ப்பாள். கெட்ட பிள்ளை இல்லை. என்னை நினைத்தும் கவலைப்படுகிறாள், என் முதுகு வளைந்துபோனதைப் பார்க்கிறாள். ஆனால் தகப்பனோடு கதைக்க ஒரு பொறுமை வேண்டும். அது அவளிடம் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வர முதல் அடுத்ததைக் கேட்கிறாள்.

5

கவுன்சில் பெண் போனதரம் வந்தபோது சுகியும் கட்டிலடியில் நின்றாள். அந்தப் பெண் மேசையில் போனை வைத்து, அதற்குள் மொழிபெயர்க்க ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாள். இந்தியத் தமிழ்ப் பிள்ளை. நல்ல மரியாதை.

“ஐயா, நான் பேசறது கேக்குதுங்களா? கேட்டா அந்த மேடம் கையை ஒரு தடவை அழுத்துங்க.”

கவுன்சில் பெண் இவருடைய கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்பாகத்தான். பிடித்தபடி காத்திருந்தாள். பதில் இல்லை. அடுத்த கேள்வி. பிடியை விடவில்லை. பதில் இல்லை. எல்லாம் முடிந்து எழுதுவதற்காகக் கையை விட்டாள். அந்த நேரம் இவருடைய விரல் போர்வைக்கு மேலே ஒருதரம் மடங்கியது. பிறகு இன்னொருதரம். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“சுகி, பார், அப்பா பதில் சொல்லுறார்” என்றேன்.

“அம்மா, அது ரிஃப்ளெக்ஸ், தன்பாட்டிலை அசையிறது. டொக்டரும் அதைத்தான் சொன்னவர்.”

“அவ கையை விடேல்லைப் பிள்ளை. மற்ற ஆள் பட்டனை அமத்திப் பிடிச்சிருக்கேக்கை அப்பா எப்பிடிப் பதில் சொல்லுறது? விட்டால்தானே சொல்லலாம். அதைச் சொல்லு அவவுக்கு.”

சுகி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. “அம்மா, இதை நான் இங்கிலிசிலை எப்பிடிச் சொல்லுறது? அப்பா தன்னை ஒரு டாக்சி ரேடியோ எண்டு நினைக்கிறார் எண்டோ? உங்களையும் சேர்த்துக் கொண்டுபோயிடுவினம்.” பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள்: “அவைக்கு எவிடன்ஸ் வேணும். நீங்கள் சொல்லுறதைக் கண்ட வேறை ஆரும் இருக்கினமோ?”

இருக்கிறார்கள். குணம் இருக்கிறார். ஆனால் அவர் கனடா போய் இரண்டு வருசமோ மூன்று வருசமோ, அங்கே எந்த இடம் என்று தெரியாது. மகேந்திரன் வேறு ஊருக்குப் போய்விட்டார், எந்த ஊர் என்று ஒபிசில் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு நின்ற வெள்ளைக்காரரின் பேர்கூட நான் அறியேன்.

ஏரியலைக் கழற்றின பிறகு இன்று முழுக்கக் கீழே ஒரு சத்தமும் இல்லை. இவருடைய விரலும் அசையவில்லை. மத்தியானம் சோறு கொடுக்கும்போது கேட்டேன், பதில் இல்லை. ‘ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ, நான்தான் இத்தனை வருசம் ஒரு கையோடு தனியாகக் கதைத்துக்கொண்டிருந்தேனோ’ என்று முதல்முறையாக எனக்கு வந்தது. அந்த நினைப்பு வந்த நேரம் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்ல. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

இருட்ட முதல் எழும்பிப் போய் இடக் கையைப் பிடித்தேன். அந்தப் பேரைச் சொன்னேன், வாழ்க்கையில் இரண்டாம் தரம். “செவ்வாய்க்கிழமை உங்களைக் கொண்டுபோகப் போயினமாம். எனக்கு மறிக்கத் தெரியேல்லை” என்றேன். கேள்வியாகக் கேட்கவில்லை, சொல்லிவிட்டு அழுதேன். அழுகைக்குள்ளும் கையைத் தளர்த்த மறக்கவில்லை.

மூன்று தரம் அழுத்தினார்.

நாலு வருசத்தில் அவர் எனக்கு மூன்று தரம் அழுத்தியது இதுதான் முதல். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சுகிக்குச் சொன்னால் அதற்கும் ஒரு இங்கிலிஸ் சொல் வைத்திருப்பாள்.

குணம் தம்பி, இது உம்முடைய கண்ணில் பட்டால், அல்லது உம்மைத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டால், நான் எழுதினதைத் தயவுசெய்து சரிபாருங்கள். நாள் வியாழக்கிழமைதானா? கேட்ட கேள்விகள் இந்த வரிசையிலா? கோயிலின் பின் தெருவா, பக்கத்துத் தெருவா? எனக்கு மறதி, எங்காவது பிழை விட்டிருப்பேன். பிழை இருந்தால் திருத்தி, சரியை இங்கிலிசில் ஒரு பக்கத்தில் எழுதி, செவ்வாய்க்கு முதல் வராவிட்டாலும் பரவாயில்லை, பிறகென்றாலும் அனுப்பிவிடுங்கள். பத்திரிகைக்காரர் என் விலாசத்தைத் தருவார்கள்.

மூன்று தரம் கேட்டால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு மைக்கைத் தர முதல் நான் உம்மிடம் சொன்னேன். அது எனக்கு மறக்கவில்லை. உமக்கு நினைவிருக்கிறதா என்று அதை மட்டுமாவது ஒருக்கா யோசித்துப் பாரும்.